இலவசக் கூடையா, கட்டற்ற கூடையா?

சென்ற திங்கள் நம் மன்றக் கூட்டம் முடிந்து வெளியே வரும்பொழுது, முதலாண்டு வணிகவியல் மாணவர் ஒருவர் என்னை நிறுத்தி, "அண்ணா, ஊரில் அப்பா புடவைக் கடை வைத்திருக்கிறார். இணையத்திலும் விற்கலாம் என்று எங்களுக்கு ஆசை. அதற்கு இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களுள் எது நல்லது?" என்று கேட்டார். நான் ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பார். சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கேள்வியில் இருந்த 'இலவசம்' என்னும் சொல்லால் எங்கள் வீடு ஒருமுறை அடிபட்டிருக்கிறது. அன்று சொல்லாத விடையை இங்கே எழுதுகின்றேன். வீட்டில் கடையோ கைத்தொழிலோ உடைய தோழர்கள் நம்மிடையே பலர் உண்டாதலால், அவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

"இயற்பியல் படிக்கும் உனக்கு வணிகத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எனக்குத் தெரிந்த வணிகமெல்லாம் ராபர்ட்சன்பேட்டையில் என் தாயாரும் சித்தியும் நடத்தும் பலகாரக் கடை ஒன்றுதான். கடை என்றால் பலகை மாட்டிய கடை அன்று. அடுப்பங்கரையும் ஒரு திண்ணையும்.

நான் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவன். இப்பெயர் பலருக்கு 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் பெயராகவே தெரிகிறது. என் துறையைச் சேர்ந்தவர்களுக்கோ, 1965-இல் பூமிக்கடியில் நியூட்ரினோவின் சுவடு காணப்பட்ட சுரங்கமாகத் தெரியும். எங்களுக்கு அது வீடு. என் கொள்ளுப்பாட்டனார் வடஆர்க்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து சுரங்கத்தில் இறங்கியவர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்த இடம் அது. சிவசமுத்திரத்திலிருந்து 1902-இலேயே எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூரின் தெருக்களுக்கு 1905-இல்தான் மின்விளக்கு வந்தது. இதைப் பெருமையாகச் சொல்லாத தங்கவயல்காரனை நீங்கள் காணமுடியாது. ஆனால் அந்த விளக்கு கம்பெனியின் விளக்கு. குடியிருந்த லைன் வீடு கம்பெனியின் வீடு. தண்ணீரும் மருத்துவமனையும் கம்பெனியுடையவை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நான் அதற்குப் பின் பிறந்தவன். "வேலை போனதுகூடப் பெரிதில்லை, நாற்பது வருஷம் இருந்த வீடு நம்முடையது இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது" என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்தேன்.

சுரங்கம் மூடியபின் எங்கள் ஊரார் பல திசைகளில் சிதறினர். சிலர் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி நாள்தோறும் பெங்களூர் சென்று மீள்கின்றனர். சிலர் சென்னை, வேலூர், கோவை என்று குடிபெயர்ந்துவிட்டனர். சிதறியவர்களின் நாக்கு மட்டும் சிதறவில்லை. தீபாவளிக்குத் தங்கவயல் அதிரசமும் தட்டையும் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்பார்கள். அப்படித்தான் அம்மாவின் வணிகம் தொடங்கியது. ஆர்டர் பெருகவே, கைப்பேசியிலேயே கடை அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில் சேர்ந்தோம். பத்து நிமிடத்தில் கடை திறந்தாயிற்று. படம், விலை, கூடை, முகவரி எல்லாம் தானே அமைந்தன. இரண்டாண்டு நன்றாகவே ஓடிற்று. பிறகு ஒருநாள் ஓர் அறிவிப்பு வந்தது: இலவசத் திட்டம் முடிவடைகிறது, முப்பது நாளுக்குள் சந்தா செலுத்துக, இல்லையேல் கடை மூடப்படும். சந்தாத் தொகையோ அம்மாவின் ஒரு மாத இலாபத்தை விழுங்கக்கூடியது. "சரி, எங்கள் வாடிக்கையாளர் பட்டியலையாவது கொடுங்கள்" என்றால், அதைப் பதிவிறக்க அங்கே வழியே இல்லை. நானூறுக்கு மேற்பட்ட முகவரிகள். என் தங்கை மூன்று இரவுகள் உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். எழுதியது போக விட்டது எத்தனை என்று இன்றும் தெரியாது.

அந்த நிறுவனத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. இலவசமாகக் கொடுத்தவர் நிறுத்திக்கொண்டார், அவ்வளவே. பெரியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். சிறு கடைகளுக்கென்று கூகுள் நிறுவனம் இலவசமாக அமைத்துக் கொடுத்து வந்த வலைத்தளங்களை 2024 மார்ச் மாதத்தில் நிறுத்திவிட்டது. கொடுத்த கை மூடிக்கொள்ளும் உரிமை கொடுத்த கைக்கு உண்டு. லைன் வீட்டில் பாட்டனார் கண்ட உண்மையைத்தான் இரண்டு தலைமுறை கழித்து நாங்கள் கைப்பேசியில் கண்டோம்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல், காசில்லாததையும் குறிக்கிறது, கட்டில்லாததையும் குறிக்கிறது. இதனால் விளைந்த குழப்பத்தை விளக்கியே அந்நாட்டு அறிஞர்கள் பாதி வாழ்நாளைக் கழித்திருக்கின்றனர். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், அதன் மூலநிரலைத் திறந்து படிக்கலாம், பிறர்க்குப் பகிரலாம், திருத்தி, திருத்தியதையும் வெளியிடலாம். இந்நான்கு உரிமையும் உடையதே கட்டற்ற மென்பொருள் என்றனர் அவ்வியக்கத்தார். 1989-இல் வெளிவந்த ஜி.பி.எல். என்னும் உரிமம் இவ்வுரிமைகளைச் சட்ட மொழியில் எழுதி வைத்தது. காசு வாங்குவதையோ வாங்காததையோ பற்றி அதற்குக் கவலையில்லை.

இணையக் கடைக்கான கூடை மென்பொருள்களின் வரலாற்றைப் பார்த்தால் இவ்வேற்றுமை பளிச்செனத் தெரியும். 2000-இல் ஜெர்மனியில் ஓஎஸ்காமர்ஸ் தோன்றியது. அது போகும் போக்குப் பிடிக்காதவர்கள் 2003-இல் அதன் நிரலை எடுத்துக்கொண்டு ஜென்கார்ட் என்று தனிக்குடித்தனம் போனார்கள். யாரும் யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. இன்று பெரும்புகழ் பெற்ற வூகாமர்ஸ் 2011-இல் ஜிகோஷாப் என்னும் வேறொன்றிலிருந்து கிளைத்ததே. அது குடியிருக்கும் வேர்டுபிரஸ் என்பதும் 2003-இல் பழைய மென்பொருள் ஒன்று கைவிடப்பட்டபோது, அதன் நிரலிலிருந்து எழுந்தது.

மெஜென்டோவின் கதை இன்னும் தெளிவானது. 2008-இல் வந்தது. 2011-இல் ஈபே வாங்கியது. 2018-இல் அடோபி வாங்கியது. முதற்பதிப்புக்கு 2020 ஜூன் 30-உடன் பராமரிப்பை நிறுத்தினார்கள். அதன்பின்னும் பழைய பதிப்பிலேயே கடை நடத்தியவர்கள் உலகெங்கும் இருந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஒரே வார இறுதியில், ஏறத்தாழ 2,000 கடைகளில் திருடர் புகுந்து, வாங்குவோர் தட்டச்சிடும் அட்டை விவரங்களைக் களவாடும் நிரலை வைத்துவிட்டனர். "பார்த்தாயா, உன் கட்டற்ற மென்பொருளின் இலட்சணத்தை!" என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். நான் அவருக்குக் கதையின் மறுபாதியைச் சொன்னேன். உரிமையாளர் கைவிட்ட அந்தப் பழைய நிரலை, பயன்படுத்துவோர் சிலர் கூடி ஓப்பன்மேஜ் என்னும் பெயரில் இன்றும் ஒட்டுப்போட்டுப் பேணி வருகின்றனர். இலவசத் திட்டம் மூடப்பட்ட எங்களுக்கு அப்படி ஒரு மறுபாதி இருந்ததா? ஆயினும் நண்பரின் குத்தலிலும் உண்மை உண்டு. கட்டற்ற கடைக்குக் காவல்காரன் நீங்களே. திங்களுக்கு ஒருமுறையேனும் புதுப்பிப்பு வந்துள்ளதா என்று பார்ப்பதற்கும், வாரம் ஒருமுறை படியெடுத்து வேறிடத்தில் வைப்பதற்கும் வீட்டில் ஆள் இல்லையென்றால், சந்தா கட்டும் கடையே மேல் என்பேன். அப்பொழுதும் சேருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "போகும்பொழுது என் பட்டியலை எந்த வடிவில் தருவீர்கள்?"

இனி எங்கள் தேர்வுக்கு வருகிறேன். விடுமுறையில் நானும் தங்கையும் நான்கு மென்பொருள்களைப் பழைய மடிக்கணினி ஒன்றில் நிறுவிப் பார்த்தோம். மெஜென்டோ முதல் நாளே வெளியேறியது. அதன் இன்றைய பதிப்புக்குத் தனியாக ஒரு தேடல் பொறியும் மிகுந்த நினைவகமும் தேவை. அதிரசம் விற்க அவ்வளவு பெரிய எந்திரம் எதற்கு? பிரெஸ்டாஷாப் அழகாயிருந்தது, ஆனால் எங்களுக்கு வேண்டிய கூடுதல் உறுப்புகளின் விலை யூரோவில் இருந்தது. மிஞ்சியவை வூகாமர்ஸும் ஓப்பன்கார்ட்டும். இரண்டும் ஜி.பி.எல். உரிமத்தில் வருபவை. இரண்டும் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டவை. மலிவான வாடகை இடத்திலும் ஓடும்.

வூகாமர்ஸுக்கு ஆள்பலம் மிகுதி. ஐயம் எழுந்தால் விடை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. வேர்டுபிரஸுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. பொருட்பட்டியலைச் சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுக்கும் வசதி 2017 முதல் அதனுள்ளேயே இருக்கிறது. இத்தனை இருந்தும் நாங்கள் ஓப்பன்கார்ட்டை எடுத்தோம். காரணம் எங்கள் ஊர். எங்கள் தெருவில் தமிழ் பேசுவோர் மிகுதியென்றாலும், வாடிக்கையாளருள் கன்னடமும் தெலுங்கும் படிப்பவர் உண்டு. பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் மட்டுமே படிப்பர். ஒரே தட்டைக்கு நான்கு மொழியில் பெயர் எழுத வேண்டும். ஓப்பன்கார்ட்டில் பொருளைப் பதியும் படிவத்திலேயே ஒவ்வொரு மொழிக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வூகாமர்ஸில் அதற்கு வேறோர் இணைப்பைத் தேடவேண்டும்; நன்றாக வேலை செய்பவை காசு கேட்டன. உங்கள் கடை தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் பேசினால் போதுமென்றால், உங்கள் கணக்கு வேறாக வரலாம்.

தமிழில் கடை வைப்பவர்க்கு வரும் இன்னல்களை விற்பனை விளம்பரங்கள் சொல்வதில்லை. நான் கண்டவற்றைச் சொல்கிறேன். வேர்டுபிரஸில் பொருளின் பெயரே அதன் வலை முகவரியாகிறது. முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரிகிறது. இருப்பதோ மொத்தம் 200 குறிகளுக்கு இடம். அதாவது இருபத்திரண்டு குறிகள். ஒற்றின் புள்ளியும் உயிர்க்குறியும் இதில் தனித்தனியே எண்ணப்படும். "தேங்காய்ப்பால் முறுக்கு" என்பதில் சரியாக இருபத்திரண்டு இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். ஆகவே அதன்பின் நீங்கள் எழுதும் "கால் கிலோ"வும் "அரை கிலோ"வும் முகவரியில் அறுந்துபோகும். குறும்பெயர் ஒன்றைக் கையால் எழுதிவிட்டால் தீர்ந்தது, தெரியாதவர்க்குத்தான் திகைப்பு.

அடுத்தது விலைச்சீட்டு. சீட்டைப் பி.டி.எஃப். கோப்பாக்கும் நிரல்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து எழுதத் தெரியாது. "கொழுக்கட்டை" என்று அடித்தால், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. என் தாயார் அதைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்க் கொழுக்கட்டை?" என்றார். ஓப்பன்கார்ட் சீட்டைச் சாதாரண வலைப்பக்கமாகவே காட்டி அச்சிடுகிறது. உலாவி தமிழ் அறிந்ததாதலால் எழுத்து பிறழவில்லை. எந்த மென்பொருளை எடுத்தாலும், "கௌ", "கொ", "ஸ்ரீ" மூன்றும் வருமாறு ஒரு பொருளைப் பதிந்து, சீட்டு அச்சிட்டுப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். குறுஞ்செய்திக்கும் ஒரு கணக்கு உண்டு: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள், தமிழில் 70. "உங்கள் ஆர்டர் கிடைத்தது" என்பதைச் சுருங்கச் சொல்லாவிட்டால் ஒன்றுக்கு மூன்று செய்தியின் கட்டணம் போகும்.

பிறகு மொழிபெயர்ப்பு. ஓப்பன்கார்ட்டின் திரையில் வரும் ஒவ்வொரு சொல்லும் எளிய கோப்புகளில் வரிவரியாக இருக்கிறது. திறந்து தமிழை எழுதிக்கொள்ளலாம். கட்டற்றது என்பதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. முதலில் சோம்பல்பட்டு மொழிபெயர்ப்பு எந்திரத்திடம் கொடுத்தேன். பொருளை அனுப்பும் செலவுக்கு அது "கப்பல் போக்குவரத்து" என்று எழுதித் தந்தது. தங்கவயலிலிருந்து ஆம்பூருக்குக் கப்பல் விட்ட பெருமை எங்களைச் சேரட்டும்! பிறகு நாங்களே உட்கார்ந்தோம். 'வண்டி' என்பதா, 'கூடை' என்பதா என்று எனக்கும் தங்கைக்கும் வாதம். "வண்டியில் மூட்டைதான் போடுவார்கள், பலகாரம் கூடையில்தான்" என்று அம்மா தீர்ப்பளித்தார். "கூடையில் இடு", "பணம் செலுத்து", "அனுப்பும் செலவு" என்று இன்று கடை பேசுகிறது. கன்னடத்தைப் பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவர் பார்த்துக் கொடுத்தார். தெலுங்கு இன்னும் பாதியில் நிற்கிறது.

வரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மென்பொருளை நிறுவியவுடன் உள்ளே பிரித்தானிய வரிவட்டம் முன்கூட்டியே அமைந்திருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் ஊரைச் 'சின்ன இங்கிலாந்து' என்பார்களாம். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே அழித்தேன். நம் நாட்டில் மாநிலத்துக்குள் விற்றால் வரி ஒருவகை, வெளி மாநிலத்துக்கு விற்றால் வேறுவகை. எங்கள் ஊருக்கு ஒருபுறம் ஆந்திரம், ஒருபுறம் தமிழ்நாடு. வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்பவர், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, விற்பனை எவ்வளவு சிறிதாயினும் ஜி.எஸ்.டி. பதிவு பெறவேண்டும் என்பது சட்டம். வேலூரில் இருக்கும் அத்தைக்கு விலைக்கு அனுப்பும் அரைக்கிலோ தட்டையும் மாநிலம் கடந்த வணிகமே! இணையத்தில் கடை திறக்கும் பலர் இதை அறியாமல் திறக்கிறார்கள். உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவும் வேண்டும். இவற்றை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்துதராது.

பணம் பெறுவதில் எங்கள் முறை எளிது. அட்டை எண்ணை நம் கடையின் கணினியில் சேமிக்கவே கூடாது. 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியும் அதைத் தடை செய்திருக்கிறது. ஆகவே அட்டையால் செலுத்துவோரைப் பணம்பெறும் நிறுவனத்தின் பக்கத்துக்கே அனுப்பிவிடுகிறோம். அதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய் கழிகிறது. யு.பி.ஐ. முறையில் வங்கி நேரடியாகப் பெறும் பணத்துக்கு 2020 முதல் வணிகரிடம் கழிவு இல்லை. ஆனால் எந்தப் பணம் எந்த ஆர்டருக்கு என்று மாலையில் உட்கார்ந்து பொருத்த வேண்டும். சித்தி அதைக் கையில் வைத்திருக்கிறார். கணிப்பொறியைவிட அவர் கணக்கில் பிழை குறைவு.

"இவ்வளவு பாடு எதற்கு? பெரிய அங்காடித் தளங்களில் போட்டுவிட்டால் ஆள் கூட்டம் தானே வருமே?" என்பார் சிலர். வரும், மறுக்கவில்லை. வாங்குவோர் யாரென்றே தெரியாத பொருளுக்கு அதுவே வழி. ஆனால் எங்கள் கடைக்கு வருபவர்கள் எங்களைத் தேடி வருபவர்கள். அவர்கள் பெயரும் முகவரியும் எங்கள் ஏட்டில் இருக்க வேண்டும். தரகர் ஏட்டில் அன்று. இன்னொரு பக்கத்தில், வாரத்துக்குப் பத்து ஆர்டர் மட்டுமே வரும் வீட்டுக்கு இவை ஒன்றுமே வேண்டாம். வாட்சாப்பும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். மென்பொருள் நிறுவிவிட்டால் வணிகம் வந்துவிடும் என்று எண்ணி, வார்ப்புருவின் நிறத்தை மாற்றிக்கொண்டே ஆறு மாதம் கழித்த தோழர்களை நான் அறிவேன். நானும் அதில் இரண்டு வாரம் கழித்தவன்தான்.

எங்களுக்குப் பெயர்ப்பதிவும் இடவாடகையும் சேர்த்து ஆண்டுக்கு நாலாயிரம் ரூபாய்க்குள் ஆகிறது. இலவசத்தோடு ஒப்பிட்டால் இது நட்டம். ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் தங்கை ஒரு பொத்தானை அழுத்துகிறாள். கடை முழுவதும், முகவரி உட்பட, ஒரே கோப்பாக இறங்குகிறது. அதை ஒரு பென்டிரைவில் போட்டு, அம்மா அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். நாளை இடவாடகைக்காரர் கடையை மூடினாலும், அந்தப் பென்டிரைவோடு வேறிடம் போய் அதே கடையை மறுநாளே திறக்கலாம். சென்ற தீபாவளிக்கு முன் ஒருமுறை அப்படி மாற்றியும் பார்த்துவிட்டோம். ஒரு பகல் ஆயிற்று.

புடவைக் கடைத் தம்பிக்கு: உங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை கணினியைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள். ஆகவே வூகாமர்ஸ், ஓப்பன்கார்ட் இரண்டையும் நிறுவிப் பாருங்கள். புடவைக்கு நிறமும் நீளமும் பலவாதலால், ஒரே பொருளைப் பல வகையாய்க் காட்டும் வசதி எதில் உங்கள் அப்பாவுக்குப் புரிகிறது என்று அவரையே உட்கார வைத்துப் பாருங்கள். நாங்கள் எழுதிய தமிழ்ச் சொற்கோப்பு என்னிடம் இருக்கிறது; வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதை எனக்கும் கொடுக்கலாம். ஞாயிறு மாலைகளில் விடுதி அறையில் இருப்பேன். நான் ஊருக்குப் போகும் ஞாயிறுகளில் மட்டும் வரவேண்டாம். தெலுங்கு நன்றாக எழுதத் தெரிந்தவர் யாரேனும் வந்தால் அதிரசம் உண்டு.